மழை பெய்யும் ஓசை

படங்கள் பேசத் தொடங்கி
முப்பது வருடம் ஆகிவிட்டதென்று
காவேரிப்பட்டணத்துக் கொட்டகையில் யாரும்
கெம்பம்மாவுக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

பெண்கள் பக்கம், தட்டி ஓரம்,
மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்வாள்.
பின்னாலிருந்து வரும் வசவும் அவளை எட்டாது.
நான் தம்பி. எட்டு வயது, அதனால் அங்கே அனுமதி.
வேலை, வசனத்தைக் கையில் சொல்வது.

ராஜா ஒரு தூணருகே நின்று
கால் மணி நேரம் பேசுவார்.
நான் அவள் உள்ளங்கையில் ஒரு குத்து வைப்பேன்:
கோபம்.
அவ்வளவுதானா என்று பார்ப்பாள்.
அவ்வளவுதான்.
தூங்கிப்போவாள்.

பிறகு ஒரு வருடம்,
தென்பெண்ணையில் இரண்டு முறை வெள்ளம் வந்த வருடம்,
கேமரா தூணை விட்டு நகர்ந்தது.
ஒரு கிழவனின் கை மட்டும்
திரை முழுக்க.
வெற்றிலை மடிக்க வராமல் நடுங்கிக்கொண்டிருந்தது.
என் கையைத் தட்டிவிட்டாள்.
இனி நீ வேண்டாம் என்று அதற்குப் பொருள்.

மறுநாள் மாங்காய் மண்டியில்
அந்தக் கையைச் செய்து காட்டினாள்.
எந்தப் படத்தின் வசனத்தையும்
மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ருத்ரப்பன்
அன்று காய்களைத் தரம் பிரித்ததோடு சரி.

மண்டிக்குப் போகும் வழியில் ஒரு நடுகல்.
கீழ்க் கட்டத்தில் மாடு மீட்கச் சண்டை போடுகிறான்.
அடுத்ததில் இரண்டு பெண்கள் தூக்கிப்போகிறார்கள்.
எங்கே செத்தான் என்று தேடினேன்.
இரண்டு கட்டங்களுக்கும் நடுவே
விரலகலக் கோடு ஒன்று ஓடியது.
கெம்பம்மா அதைத் தொட்டுவிட்டு
இரண்டு விரலால் கத்தரித்துக் காட்டினாள்.

வண்ணம் வந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை.
கருப்பு வெள்ளையில் ரத்தம் ரத்தமாக இருந்ததாம்,
இப்போது குங்குமக் கரைசல்.

ஒகேனக்கல்லில் படப்பிடிப்பென்று பஸ் ஏறினோம்.
கதாநாயகி பாறைமேல்
ஒரே நடையைப் பதினோரு தடவை நடந்தாள்.
பன்னிரண்டில் வழுக்கினாள், சிரித்துவிட்டாள்.
அதைத்தான் வைப்பார்கள் என்றாள் அக்கா.
எட்டணா பந்தயம்.
அதைத்தான் வைத்தார்கள்.
அந்த எட்டணாவை இன்னும் நான் தரவில்லை.

தர்மபுரியில் ஒரு தியேட்டரில்
புது ஸ்பீக்கர்கள் மாட்டினார்கள்.
நாற்காலிக் கைப்பிடியில் அவள் கை.
திரையில் ரயில் வருவதற்கு முன்பே
சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.
அறுபத்தைந்து வருடம் தாமதமாக,
எலும்பு வழியாக,
பேசும்படம் அவளுக்கு வந்து சேர்ந்தது.
அதன்பின் இடி விழும் படங்களாகத் தேடினாள்.
படம் கேவலம் என்று நான் சைகை செய்தால்
கைப்பிடியைத் தட்டிக் காட்டுவாள்:
இது நன்றாக இருந்ததே.

இப்போது மொபைல். எண்பதை நெருங்குகிறாள்.
தலையணைமேல் சாய்த்துவைத்து
எந்தெந்த நாட்டுப் படமோ பார்க்கிறாள்.
அடியில் தமிழில் எழுத்து ஓடுகிறது:
மழை பெய்யும் ஓசை.
என்னிடம் நீட்டினாள்.
மழைதான் தெரிகிறதே,
எனக்குக் கண்ணுமா இல்லை?

கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினாள்.
ஒருத்தி காலி அறையில் நிற்கிறாள்.
முகத்தில் ஒன்றும் இல்லை.
எழுத்தில் இருந்தது:
மெல்லிய இசை.

பழையபடி
உள்ளங்கையை என் முன் விரித்தாள்.

குத்து வைக்க முடியாது.
என் ஒரு விரலை அங்கே வைத்து
மணிக்கட்டு வரைக்கும்
மெதுவாக இழுத்தேன்.

அவ்வளவுதானா?

இல்லை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.